டோர் ரிலேயில் மஞ்சள் புள்ளி: எங்கே அடைக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

டோர் என்பது பயனரின் அடையாளத்தை மறைக்க, டிராஃபிக்கைப் பல தன்னார்வலர் சர்வர்கள் (ரிலேக்கள்) வழியாகக் கைமாற்றி அனுப்பும் நெட்வொர்க். அப்படி ஒரு ரிலே ஓட்டுகிறவரின் கேள்வி சுருக்கமாக இதுதான்: “ஒரு விபிஎஸ்ஸில் (வாடகை விர்ச்சுவல் சர்வர்) ஒன்றரை மாதமாக டோர் ரிலே ஓட்டுகிறேன். எக்ஸிட் (டிராஃபிக் டோரிலிருந்து வெளி இணையத்துக்குப் போகும் கடைசி ரிலே) இல்லை. 2 கோர், 1 ஜிபி ரேம், டெபியன், டோர் 0.4.8. போன வாரத்திலிருந்து டோர் திட்டத்தின் ரிலே சர்ச் பக்கத்தில் ரிலே பெயரை ஒட்டி மஞ்சள் புள்ளி, ஓவர்லோடு என்று. ஆனால் சிபியு 55 சதவீதத்தைத் தாண்டுவதில்லை, பேண்ட்வித்தும் பாதிகூடப் போவதில்லை. தினமும் காலையில் ரீஸ்டார்ட் ஆகும்படி கிரான் (குறித்த நேரத்தில் தானே ஓடும் கட்டளை) போட்டும் பலனில்லை. ரேமைக் கூட்டணுமா, சர்வரையே மாற்றணுமா?”

முதல் வேலையாக அந்தக் கிரானை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் உங்கள் வழியாகப் போய்க்கொண்டிருக்கும் எல்லா சர்க்யூட்டும் (ஒரு பயனருக்காகப் பல ரிலேக்களை இணைத்துக் கட்டிய பாதை) அறுந்துபோகும். யாரோ ஒருவர் பாதி தரவிறக்கத்தில் இருப்பார், அவருக்கு அது நின்றுவிடும். எச்எஸ்டிர் கொடி, அதாவது டோருக்குள்ளேயே இயங்கும் ‘ஆனியன் சேவை’த் தளங்களின் விவரங்களை வைத்திருக்கும் ரிலே என்ற அடையாளம், கிடைக்க ரிலே தொடர்ந்து 96 மணி நேரம் ஓடியிருக்க வேண்டும். தினமும் நிறுத்தினால் அது கிடைக்கவே கிடைக்காது. ஸ்டேபிள் (நிலையான ரிலே), கார்டு (பயனர் முதலில் இணையும் ரிலே) கொடிகளும் இதனால் அடிவாங்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், டோர் தனக்குள் வைத்திருக்கும் எண்ணிக்கைகள் ரீஸ்டார்ட்டில் பூஜ்யத்துக்குப் போய்விடும். எது நிரம்பி வழிகிறது என்பதற்கான ஆதாரத்தை நீங்களே தினமும் காலையில் அழித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அடுத்து, அந்தப் புள்ளிக்கு என்ன பொருள் என்பது. 0.4.6 கிளையிலிருந்து ஒவ்வொரு ரிலேயும் தன் டிஸ்கிரிப்டரில் (தன்னைப் பற்றி வெளியிடும் குறிப்பு) ‘எனக்குச் சுமை தாங்கவில்லை’ என்று தானே எழுதிக்கொள்கிறது. வெளியிலிருந்து யாரும் அளந்து சொல்வதில்லை. பிரச்சினை தீர்ந்த பிறகும் அந்த வரி 72 மணி நேரம் அப்படியே இருக்கும். அதனால் இன்றைக்கு ஒரு மாற்றம் செய்துவிட்டு நாளைக்குப் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பதில் அர்த்தமில்லை. மூன்று நாள் பொறுங்கள். அதற்குள் இன்னொன்றை மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

அந்த வரியை எழுதவைக்கும் காரணங்கள் சிலதான். டோரின் சொந்த மெமரிக் காவலன் களத்தில் இறங்கியிருக்கலாம். சர்க்யூட் கட்டக் கேட்டுவரும் கோரிக்கைகளில் சிலவற்றைக் கைவிட்டிருக்கலாம். அல்லது வெளியே இணைப்புத் தொடங்க டிசிபி போர்ட் கிடைக்காமல் போயிருக்கலாம். எக்ஸிட் ரிலேக்களில் டிஎன்எஸ் டைம்அவுட்டும் ஒரு காலத்தில் இந்தப் பட்டியலில் இருந்தது; பொய் எச்சரிக்கை அதிகமாக வந்ததால் பிறகு எடுத்துவிட்டார்கள். ஆக ‘ஓவர்லோடு’ என்ற ஒரே புள்ளிக்குப் பின்னால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கோளாறுகள் இருக்கின்றன. ரேம் வாங்கினால் போர்ட் பிரச்சினை தீராது, கோரைக் கூட்டினால் மெமரி பிரச்சினை தீராது. எது என்று தெரியாமல் காசைக் கொட்டாதீர்கள்.

தெரிந்துகொள்ள முதலில் லாகைப் பாருங்கள். டோர் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை ‘ஹார்ட்பீட்’ என்று நாலைந்து வரி எழுதும். அதில் ‘சர்க்யூட் ஹேண்ட்ஷேக் ஸ்டாட்ஸ்’ என்ற வரியை நிறையப் பேர் கண்டுகொள்வதே இல்லை. அங்கே ‘என்டோர்’ (சர்க்யூட் கட்டும் ஹேண்ட்ஷேக் முறையின் பெயர்) என்பதற்கு முன்னால் 48210/48355 என்பதுபோல் இரண்டு எண் இருக்கும். வலப்பக்கம் இருப்பது கேட்டு வந்தவை, இடப்பக்கம் இருப்பது வேலைக்கு எடுத்துக்கொண்டவை. இந்த உதாரணத்தில் 145 விடுபட்டிருக்கிறது, அதாவது 0.3 சதவீதம். கேட்டால் அற்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் டோர் வைத்திருக்கும் வரம்பு 0.1 சதவீதம், ஆயிரத்தில் ஒன்று. அதைத் தாண்டினால் ‘ஜெனரல் ஓவர்லோடு, என்டோர் டிராப்டு’ என்று லாகிலும் எழுதிவிட்டு டிஸ்கிரிப்டரிலும் குறித்துவிடும். பழைய பதிப்புகளிலிருந்தே வரும் ‘யுவர் கம்ப்யூட்டர் இஸ் டூ ஸ்லோ’ என்று தொடங்கும் எச்சரிக்கையும் இதே நோயின் அறிகுறிதான்.

லாகில் தெளிவு கிடைக்கவில்லையென்றால், டோர் தன் எண்ணிக்கைகளைக் காட்டும் மெட்ரிக்ஸ்போர்ட்டைத் திறந்துகொள்ளுங்கள். டோரின் அமைப்புக் கோப்பான டோர்ஆர்சியில் மெட்ரிக்ஸ்போர்ட் 127.0.0.1:9035 என்று ஒரு வரி, மெட்ரிக்ஸ்போர்ட்பாலிசியில் 127.0.0.1-ஐ மட்டும் அனுமதிக்கும் இன்னொரு வரி. பிறகு அதே சர்வரில் இருந்துகொண்டு கர்ல் கட்டளை கொடுத்தால் எல்லா எண்களும் வந்து கொட்டும். இதைப் பொது ஐபியில் ஒருபோதும் திறந்து வைக்காதீர்கள். அந்த எண்களை நிமிடத்துக்கு நிமிடம் எடுத்துப் பார்க்க முடிகிற ஒருவருக்கு உங்கள் ரிலே வழியாகப் போகிறவர்களைப் பற்றித் தேவையில்லாத துப்பு கிடைக்கும். பெரும்பாலான எண்கள் டோர் தொடங்கிய நேரத்திலிருந்து கூட்டிக்கொண்டே போகிறவை. ஒருமுறை பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு மணி நேரம் விட்டு இன்னொருமுறை எடுத்து, வித்தியாசத்தைப் பாருங்கள். ஆனியன்ஸ்கின் (சர்க்யூட் கட்டும் கோரிக்கை) வரியில் ‘டிராப்டு’ ஏறுகிறதா, ஓஓஎம் (மெமரி தீர்ந்துபோவது) பைட்ஸ் வரியில் ஏதாவது பூஜ்யத்தைத் தாண்டியிருக்கிறதா, டிசிபி எக்ஸாஷன் (போர்ட் தீர்ந்துபோவது) வரி அசைகிறதா? மூன்றில் எது நகர்கிறதோ அதுதான் உங்கள் வியாதி.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் சிபியு மேல்தான். ‘55 சதவீதம்தானே’ என்பீர்கள். 2 கோர் எந்திரத்தில் சராசரி 55 என்றால் ஒரு கோர் முழுசாக நிரம்பி, இன்னொன்று பத்துப் பதினைந்தில் இருக்கிறது என்றும் அர்த்தமாகலாம். டோரில் அதுதான் வழக்கமாக நடப்பது. செல்களை (டோரின் தரவுப் பொட்டலங்கள்) மறையாக்கி அடுத்த ரிலேக்குத் தள்ளும் முக்கிய வேலை முழுவதும் ஒரே திரெட்டில்தான் ஓடுகிறது. ஆனியன்ஸ்கின் எனப்படும் சர்க்யூட் ஹேண்ட்ஷேக் கணக்குகள் மட்டும் தனி வொர்க்கர் திரெட்களுக்குப் போகும். அதனால் 8 கோர் எந்திரம் வாங்கினாலும் ஒரு டோர் ப்ராசஸின் பிரதான திரெட் ஒரு கோருக்கு மேல் தாண்டாது. அப்போது மானிட்டரிங் வரைபடம் 15 சதவீதம் என்று சாதுவாகக் காட்டிக்கொண்டிருக்கும். இந்த வரைபடத்தை நம்பி ஏமாறுகிறவர்கள் ஏராளம்.

டாப் கட்டளையைத் திரெட் வாரியாகக் காட்டும்படி பெரிய எச் விருப்பத்தோடு ஓட்டுங்கள். ஒரு டோர் திரெட் 95-க்கு மேல் ஒட்டிக்கொண்டே இருந்தால் விஷயம் முடிந்தது. அதே திரையில் மேலே சிபியு வரியின் கடைசியில் ‘எஸ்டி’ என்று ஒரு எண் இருக்கும், ஸ்டீல். மலிவு விபிஎஸ்களில் உங்களுக்குரிய சிபியு நேரத்தைப் பக்கத்து வாடகைதாரர் தின்றுகொண்டிருந்தால் அது ஏறும். எப்போதும் நாலைந்துக்கு மேலேயே நிற்கிறது என்றால் உங்கள் அமைப்பில் என்ன மாற்றியும் பிரயோஜனமில்லை, இடத்தை மாற்றவேண்டியதுதான்.

இன்னொன்றும் பாருங்கள். எல்எஸ்சிபியு கொடுத்தால் வரும் கொடிகளில் ‘ஏஇஎஸ்’ (மறையாக்கத்தைச் சிபியுவே வேகமாகச் செய்யும் வசதி) இருக்கிறதா? அடியில் இருக்கும் நிஜச் சிபியுவில் அந்த வசதி இருந்தும், விர்ச்சுவல் எந்திரத்துக்கு ஏதோ பொதுவான பழைய மாடல் என்று காட்டி அதை மறைத்துவைக்கும் சேவைகள் உண்டு. டோர் நாள் முழுக்கச் செய்வதே ஏஇஎஸ் மறையாக்கம் என்பதால், அந்த ஒரு கொடி இல்லாவிட்டால் பிரதான திரெட் மூச்சு வாங்கும். சப்போர்ட்டுக்கு ஒரு டிக்கெட் போட்டு ஹோஸ்ட் சிபியுவை அப்படியே காட்டச் சொன்னால் பல இடங்களில் செய்து கொடுக்கிறார்கள். காசு செலவில்லாத மருந்து.

பழைய வழிகாட்டி எதையாவது பார்த்து டோர்ஆர்சியில் நம்சிபியூஸ் 1 என்று போட்டிருந்தால் அந்த வரியை நீக்குங்கள். விட்டுவிட்டால் டோரே கோர்களை எண்ணிக்கொள்ளும். மேக்ஸ்ஆனியன்க்யூடிலே என்ற இன்னொரு அமைப்பைக் கூட்டச் சொல்லி யோசனைகள் வரும். அதன் இயல்பு மதிப்பு 1750 மில்லிவினாடி. அதற்குள் முடிக்க முடியாத அளவுக்கு வரிசை நீண்டால் புதியவற்றை மறுத்துவிடும். அதைக் கூட்டினால் புள்ளி மறையலாம், காத்திருக்கும் பயனருக்குத் தாமதம் கூடும். காய்ச்சல்மானியை உடைக்கிற வேலை, வேண்டாம்.

சரி, மெமரிக்கு வருவோம். 1 ஜிபி என்பது உங்கள் நிலையில் விளிம்பு. எக்ஸிட் அல்லாத ரிலேக்கு, வேகம் 40 மெகாபிட்டுக்குக் கீழ் என்றால் 512 எம்பி, அதற்கு மேல் என்றால் 1 ஜிபி என்பதுதான் டோர் திட்டம் சொல்லும் குறைந்தபட்சம். குறைந்தபட்சம் என்பதை அழுத்திப் படியுங்கள். இங்கே இரண்டு வெவ்வேறு ‘கொலைகாரர்கள்’ இருக்கிறார்கள், குழப்பிக்கொள்ளக் கூடாது. டோரின் சொந்தக் காவலன் இறங்கினால், மெமரி குறைவு, நீண்ட வரிசை உள்ள சர்க்யூட்களை வெட்டுகிறேன் என்று டோர் லாகில் எழுதும், ப்ராசஸ் பிழைத்துக்கொள்ளும். லினக்ஸ் கெர்னலின் ஓஓஎம் கில்லர் இறங்கினால் டோர் லாகில் ஒன்றுமே இருக்காது, திடீரென்று புதிதாகத் தொடங்கியதுபோல் இருக்கும். டிமெசேஜில் போய்ப் பார்த்தால்தான் டோர் கொல்லப்பட்ட செய்தி கிடைக்கும்.

இதில் மேக்ஸ்மெம்இன்க்யூஸ் என்ற அமைப்பின் பங்கு என்னவென்று புரிந்துகொள்வது முக்கியம். எதுவும் போடாவிட்டால், 8 ஜிபிக்குக் குறைந்த எந்திரத்தில் மொத்த ரேமில் முக்கால் பங்கை டோர் தன் வரிசைகளுக்கு உச்சவரம்பாக எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு அது 750 எம்பி சுமார். ஆனால் வரிசைகள் மட்டுமே டோர் அல்ல. டைரக்டரி ஆவணங்கள், டிஎல்எஸ் இணைப்புகளின் பஃபர்கள், ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை நிரல் நூலகம்) மெமரியைத் துண்டுதுண்டாக்கி வைக்கும் வீணடிப்பு என்று மேலே சேர்ந்துகொண்டே போகும். காவலன் விழிப்பதற்கு முன்பே கெர்னல் முந்திவிடும். அதனால் 1 ஜிபி எந்திரத்தில் 400 எம்பி என்று கையால் போட்டுவிடுவது நல்லது. 256-க்குக் கீழே போட்டாலும் டோர் அதை 256 ஆகத்தான் எடுத்துக்கொள்ளும். இப்படிக் குறைத்தால் காவலன் அடிக்கடி இறங்கி மஞ்சள் புள்ளி இன்னும் வரலாம்தான். ஆனாலும் மொத்தமாகச் செத்து எழுவதைவிட சில சர்க்யூட்களை வெட்டிக்கொண்டு ஓடுவது மேல். மாதம் கொஞ்சம் கூடக் கொடுத்து 2 ஜிபிக்குப் போக முடிந்தால், ‘ரேமைக் கூட்டணுமா’ என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் ‘ஆமாம், ஆனால் இந்தப் புள்ளிக்காக அல்ல’ என்பதுதான்.

போர்ட் விஷயத்தை உங்கள் நிலையில் கிட்டத்தட்ட ஒதுக்கிவிடலாம். லினக்ஸ் வெளி இணைப்புகளுக்கு வழக்கமாகத் தரும் போர்ட் வீச்சு 32768 முதல் 60999 வரை, சுமார் 28,000. எக்ஸிட் அல்லாத ரிலே வெளியே பேசுவது மற்ற ரிலேக்களோடு மட்டும்தான். நெட்வொர்க் மொத்தத்திலும் அவை சில ஆயிரங்களே. உள்ளே வரும் பயனர் இணைப்புகள் இந்தப் போர்ட்களைத் தொடுவதில்லை. எக்ஸிட் ஓட்டுகிறவர்களுக்கு, அதிலும் அவுட்பவுண்ட்பைண்ட்அட்ரஸ் (வெளி இணைப்புகளுக்குக் குறிப்பிட்ட ஐபியைக் கட்டாயமாக்கும் அமைப்பு) போட்டிருப்பவர்களுக்கு, இது நிஜமான தலைவலியாக இருந்தது. வீச்சை 15000 முதல் 64000 வரை விரித்துக்கொண்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். எக்ஸிட் ஓட்டுகிறவர் யாராவது இதைப் படித்தால் இன்னொன்று: அன்பவுண்ட் (சொந்த டிஎன்எஸ் சர்வர்) போட்டு டிஎன்எஸ்ஸை உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனங்களின் பொது டிஎன்எஸ்ஸுக்குப் பயனர்களின் தேடல்களை எல்லாம் மொத்தமாக அனுப்பிவைப்பது அநாமதேய நெட்வொர்க்குக்கு அழகல்ல.

ஃபைல் டிஸ்கிரிப்டர் வரம்பும் (ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு, கோப்பு திறக்கலாம் என்பது) டெபியன் பொதியில் நிறுவியிருந்தால் பிரச்சினையாக இருக்காது. சிஸ்டம்டி யூனிட்டிலேயே 65536 என்று வைத்திருக்கிறார்கள். சோர்ஸிலிருந்து கட்டி, சொந்தமாக யூனிட் எழுதியவர்களுக்குத்தான் ‘4063 இணைப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன’ என்ற விசித்திர எண்ணோடு ஒரு வரி வரும். வரம்பு 4096 என்று இருந்து, அதில் டோர் தனக்குக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டதன் மிச்சம் அது.

அப்புறம், தாக்குதல். போன வாரம் திடீரென்று தொடங்கியது என்கிறீர்கள். 2022-ன் நடுவிலிருந்து பல மாதம் டோர் நெட்வொர்க் முழுவதும் டிடாஸ் (சுமையேற்றி முடக்கும்) தாக்குதல்களால் திணறியது. 2023 பிப்ரவரியில் டோர் திட்டமே அதை வெளிப்படையாக எழுதியது. அந்தச் சமயம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ரிலேக்கள் பலவற்றிலும் மஞ்சள் புள்ளி. ஆனியன் சேவைகளுக்கு வேலைச்சான்று தற்காப்பு (இணைய வருபவரின் கணினியை முதலில் ஒரு கணக்குப் போடவைப்பது) 2023 ஆகஸ்டில் 0.4.8-ல் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே புள்ளி வந்தவுடன் உங்கள் ரிலேயை மட்டும் பார்க்காமல், ரிலே சர்ச்சில் மற்றவர்களுக்கும் அதே நாட்களில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லோருக்கும் என்றால் உங்கள் பக்கம் செய்ய அதிகமில்லை.

ஹார்ட்பீட்டில் ‘டாஸ் மிட்டிகேஷன்’ என்று ஒரு வரி வரும்; எத்தனை சர்க்யூட் மறுக்கப்பட்டது, எத்தனை முகவரி குறிக்கப்பட்டது என்று சொல்லும். இந்தத் தற்காப்புகளின் அளவுகளை டைரக்டரி அதாரிட்டிகள் (ரிலே பட்டியலை நிர்வகிக்கும் சர்வர்கள்) கன்சென்சஸ் (அவை சேர்ந்து வெளியிடும் பட்டியல்) வழியாகவே தருவதால் நீங்கள் கைவைக்கத் தேவையில்லை. ஐபிடேபிள்ஸ் (லினக்ஸ் ஃபயர்வால்) ஸ்கிரிப்டுகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன, சில நன்றாகவும் வேலை செய்கின்றன. ஆனால் ஒரு ஐபிக்கு ஒன்றிரண்டு இணைப்புக்கு மேல் கூடாது என்று கண்மூடித்தனமாகப் போட்டால் நல்லவர்களையும் வெட்டிவிடுவீர்கள். ஒரே ஐபியில் 8 ரிலே வரை ஓட்ட அனுமதி உண்டு. மொபைல் நிறுவனங்களின் சிஜிநாட் என்ற ஐபிப் பங்கீட்டுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே முகவரியில் வருவார்கள். ஃபயர்வால் போடும்போது இன்னொரு பக்க விளைவும் உண்டு: கான்ட்ராக் அட்டவணை, அதாவது இணைப்புகளை ஃபயர்வால் குறித்துவைக்கும் இடம். ‘டேபிள் ஃபுல், டிராப்பிங் பேக்கெட்’ என்று கெர்னல் லாகில் வந்தால், டோர் எந்தத் தவறும் செய்யவில்லை, ஃபயர்வால்தான் நிரம்பிவிட்டது.

இதோடு ஒரு கண்டிப்பான விஷயம். என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கும் ஆர்வத்தில் டிசிபிடம்ப் (நெட்வொர்க் டிராஃபிக்கைப் பதியும் கருவி) ஓட்டி, யார் யார் இணைகிறார்கள் என்று சேமித்து வைக்காதீர்கள். டோர் லாகை டீபக் அளவுக்கு உயர்த்தி, முகவரிகளை லாகில் மறைக்கும் சேஃப்லாகிங்கை அணைத்து நாள்கணக்கில் விடாதீர்கள். உங்கள் ரிலே சீக்கிரமே கார்டு ஆகும். அப்போது உள்ளே வருவது பயனர்களின் நிஜ ஐபிகள். உதவி கேட்டு எங்காவது, இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையின் வெளியீட்டை ஒட்டும்போதும் அப்படித்தான், எண்ணிக்கைகளை மட்டும் கொடுங்கள், முகவரிகளைக் கொடுக்காதீர்கள். தணிக்கை உள்ள ஒரு நாட்டில் டோர் பயன்படுத்தியது தெரிந்தாலே வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

இப்போது என்ன செய்வது? ஒரு கோர் நிரம்பியிருப்பது உறுதியானால், எனக்குப் பிடித்த தீர்வு மேக்ஸ்அட்வர்டைஸ்டுபேண்ட்வித். ‘என்னால் இவ்வளவுதான் முடியும்’ என்று ரிலே வெளியே சொல்லும் எண்ணைக் குறைப்பது. இப்போது 10 எம்பைட்ஸ் விளம்பரமாகிறது என்றால் 6 அல்லது 7-க்கு இறக்குங்கள். இதில் யாருக்கும் கௌரவக் குறைவு இல்லை. வந்த கோரிக்கைகளில் சிலவற்றைக் கைவிடும் வேகமான ரிலேயைவிட, வந்ததையெல்லாம் சுமக்கும் மிதமான ரிலேதான் பயனருக்கு உபயோகம். விளைவு உடனே தெரியாது. கன்சென்சஸ் மணிக்கு ஒருமுறைதான் வரும், பேண்ட்வித் அளக்கும் அதாரிட்டிகள் உங்களைத் திரும்ப அளந்து எடையை மாற்ற ஒன்றிரண்டு நாள் ஆகும். ரிலேபேண்ட்வித்ரேட் வேறு விஷயம்; அது குழாயையே இறுக்குவது. அந்த வரம்பை அடிக்கடி தொட்டால் அதற்கென்று தனிக் குறிப்பு எக்ஸ்ட்ரா இன்ஃபோ ஆவணத்தில் போகும், மஞ்சள் புள்ளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நீங்கள் ஒன்றரை மாதத்தில் இருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதிய ரிலேக்குச் சுமை ஒரே சீராக ஏறாது. முதல் சில நாள் ஒன்றும் வராது, பிறகு அளவீடு நடந்து நடு ரிலேயாகச் சுமை ஏறிக்கொண்டே போகும். கார்டு கொடி வந்தவுடன் திடீரென்று டிராஃபிக் சரியும், பயந்துவிடாதீர்கள். பயனர்கள் கார்டை மாதக்கணக்கில் மாற்றாமல் வைத்திருப்பதால் புதிய கார்டுக்கு ஆள் சேர நாளாகும். சுமார் 68 நாளுக்குப் பிறகுதான் நிலையான சித்திரம் கிடைக்கும். இப்போது சர்வரை மாற்றி முடிவெடுப்பது அவசரம்.

அதற்கப்புறமும் இரண்டாவது கோர் சும்மா கிடக்கிறதே என்று மனசு கேட்காவிட்டால், டெபியனில் டோர் இன்ஸ்டன்ஸ் கிரியேட் என்ற கட்டளையால் அதே ஐபியில் இன்னொரு ரிலேயை வேறு போர்ட்டில் எழுப்பலாம். ஒவ்வொன்றின் கைரேகையையும் (ரிலேயின் அடையாள எண்) மற்றதன் மைஃபேமிலி வரியில் கட்டாயம் எழுதுங்கள், இரண்டும் ஒரே ஆளுடையவை என்று வெளிப்படையாகத் தெரிய வேண்டும். ஆனால் இதை 1 ஜிபியில் செய்யாதீர்கள். ஒவ்வொரு இன்ஸ்டன்ஸுக்கும் தனியாக மெமரி வேண்டும், தனித்தனியாக மேக்ஸ்மெம்இன்க்யூஸும் போட வேண்டும். இரண்டுமே முழு எந்திரமும் தனக்குத்தான் என்று நினைத்து முக்கால் முக்கால் பங்காக எடுத்துக்கொண்டால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கிரானை நீக்கி, மெட்ரிக்ஸ்போர்ட்டைத் திறந்து, ஒருநாள் ஓடவிட்ட பிறகு ஆனியன்ஸ்கின், ஓஓஎம் வரிகள் இரண்டையும், திரெட் வாரியாக எடுத்த சிபியு எண்ணையும் இங்கே போடுங்கள். மேக்ஸ்அட்வர்டைஸ்டுபேண்ட்வித் எவ்வளவு வைக்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.